நரிமேட்டில் நட்ட குழவி

ஆவடியை அடுத்த கோவில்பதாகைப் பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நரிமேட்டம்மன் பூமியைப் பிளந்துகொண்டு தானாக வந்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் எந்த வழியாக வந்தாள் என்பது பாஸ்கரனுக்குத் தெரியும். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் பின்கட்டிலிருந்து யூரியா சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டி, உச்சி வெயிலில் அவளைக் கொண்டுபோய் இறக்கியவரே அவர்தான். அதற்கு முன்பு அவள் அவர் வீட்டு அம்மிக் குழவியாக இருந்தாள்.

இதை அவர் ஒளித்து வைக்கவும் இல்லை. ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார். சொல்லி என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

பாஸ்கரன் பெரிய மனிதர் அல்ல. புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர் ஒன்றில் பிறந்து, ஐடிஐ படித்து, ஆவடியில் பட்டாளத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்ட வந்தவர். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. எதிர் வீட்டில் திருநெல்வேலிக்காரர், மாடியில் சேலத்துக்காரர், பக்கத்து வீட்டில் வட ஆற்காட்டு இராமகிருஷ்ணன். எல்லார் வீட்டிலும் ஒரே பச்சைக் கதவு, ஒரே சிமெண்ட் தொட்டி. குடித்தாரா, சீட்டாடினாரா என்றால் அதுவும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கோளாறு ஞாயிற்றுக்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். கரையைத் தாண்டினால் நரிமேடு. பெயர்தான் மேடு, ஆள் உயரத்துக்குக் காரையும் சங்கஞ்செடியும் ஈச்சம்புதரும் பின்னிக் கிடக்கும். நடுவில் ஒரு பாலை மரம். எத்தனை தலைமுறை கண்ட மரமோ, இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். கோடையில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் உதிர்க்கும், தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். இந்த மரத்தைத் தம் ஊரில் கோயில்காட்டில் மட்டுமே பார்த்திருந்த பாஸ்கரனுக்கு, ஆவடியில் அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மேட்டின் கிழக்குச் சரிவில் குள்ளநரி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது.

முதலில் தனியாகத்தான் போனார். பிறகு இராமகிருஷ்ணன் கூட வந்தார். அவர் தம் மகள் வசந்தாவை அழைத்து வந்தார். எண்பத்தேழு வாக்கில் பார்த்தால் குவார்ட்டர்ஸில் பாதிக் குடும்பம் ஞாயிறு காலையில் பாஸ்கரன் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. டிவியில் புராணத் தொடர் ஆரம்பிப்பதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. காட்டு பாஸ்கர் என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

அந்த நடைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டார். முன்னால் நடப்பார், திடீரென்று நிற்பார். அவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எதற்காக நின்றார் என்பதை அவரவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். காலடியில் கவுதாரி முட்டையாக இருக்கலாம், கிளையில் பச்சைப் பாம்பாக இருக்கலாம். கண்டுபிடிப்பதில் வசந்தா கில்லாடி. எல்லாரும் மேலே பார்த்து விழித்துக்கொண்டிருக்கும்போது அவள் கீழே குனிந்து, ஒரு செத்தைக்குள் இருக்கும் பொன்வண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

வெறும் வேடிக்கையோடும் விட்டுவிடவில்லை. சீமைக்கருவேலம் முளைத்தால் வேரோடு பிடுங்கினார்கள். லாரியில் கொண்டுவந்து குப்பை கொட்டியவர்களோடு மல்லுக்கு நின்றார்கள். அந்த மேட்டுக்குத் தாங்கள்தான் காவல் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டிருந்தது.

நினைப்பு இவர்களுக்கு, நிலம் வரதனுக்கு. வரதன் கோவில்பதாகையின் பழைய விவசாயக் குடும்பம். மேட்டில் பாதி அவன் தாத்தா பெயரில் பட்டா, மீதி புறம்போக்கு. வயலெல்லாம் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்த காலம். வரதன் வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள் என்று மாறி, அளவுச் சங்கிலியோடு ஒரு நாள் வந்து நின்றான். இவர்கள் போய் வழிமறித்தார்கள். அவன் கோபப்படக்கூட இல்லை.

"சார், இது எங்க தாத்தா நெலம். கேவுறு போட்டாக்கூட வெளையாது. நீங்க வாரத்துக்கு ஒரு தபா வந்து குருவி பாத்துட்டு குவார்ட்டர்ஸுக்கு பூடுவீங்க. ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வந்துரும். நான் இன்னாத்த துன்றது?"

மனு எழுதிக்கொண்டு அலைந்தார்கள். மனு போன இடம் மனுவுக்கே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை புல்டோசர் வந்தது. மறுநாள் நடைக்குப் போனவர்கள் கிழக்குச் சரிவு வழித்துவிட்ட மாவுச்சட்டி மாதிரி மொழுமொழுவென்று கிடப்பதைப் பார்த்தார்கள். நரி வளை இருந்த இடம் மூடிக் கிடந்தது. உள்ளே குட்டிகள் இருந்தன என்பது எல்லாருக்கும் தெரியும், போன வாரம்தான் அவற்றின் காதுகளை வெளியே பார்த்திருந்தார்கள். தாய் நரி வெட்டவெளியில் நின்று மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் மனிதர் கண்ணில் படாத ஜாதி அது. இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் பறித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வசந்தா அழுத அழுகையில் இராமகிருஷ்ணனால் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. அன்றைக்கு பாஸ்கரன் சாப்பிடவில்லை. அவர் மனத்தில் கொலை வெறியே வந்தது, அதை மறைப்பானேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

அவர் ஊர்ப் பக்கம் அய்யனார் கோயில்காடு என்றால் சுள்ளி பொறுக்கக்கூட ஆள் நுழையமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள். ஒடிந்து விழுந்த கிளை விழுந்த இடத்திலேயே மக்கும். சாமிக்குக் கூரை கிடையாது, கூரை போட்டால் அவருக்கு ஆகாது. வேலி, காவலாளி எதுவும் வேண்டாம், ஒரு கல் இருந்தால் போதும். மனு செய்யாததைக் கல் செய்யும் என்று பாஸ்கரன் நம்பினார். சாமி என்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்று ஒரு மனிதர் நினைத்துவிட்டார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

கல்லுக்கு எங்கே போவது? தொழிற்சாலைக் கூட்டுறவுக் கடையில் மிக்ஸி வாங்கிய பிறகு பின்கட்டில் அம்மி சும்மா கிடந்தது. குழவி நல்ல கருங்கல், பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. அன்று மத்தியானம் மனைவி கஸ்தூரி தூங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு குவார்ட்டர்ஸே தூங்கும். கடப்பாரையோடு இராமகிருஷ்ணன் வந்தார். பாலை மரத்தடியில் அவர் குழி தோண்டினார், பாஸ்கரன் குழவியை நட்டார். மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி வைத்தார்கள்.

"பாவம் இல்லையா பாஸ்கர்?" என்றார் இராமகிருஷ்ணன், சிரிப்பை அடக்க முடியாமல்.

"குட்டிகளை உசிரோட மூடினானே, அது பாவம் இல்லையா? நல்லா ஆழமாத் தோண்டுங்க."

மறுநாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த கன்னியம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவள் வரதனுக்குப் பெரியம்மா, பிறந்ததிலிருந்து அந்த மேட்டில் ஆடு மேய்ப்பவள். அங்கே எந்தக் கல்லும் இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்ததால்தான் நடுங்கிப்போனாள். நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்றால் வேறு என்ன? தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடிய ஆட்டத்தில் ஊரே திரண்டு வந்துவிட்டது. புல்டோசர்க்காரன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். ஷிப்ட் முடிந்து பாஸ்கரன் போய்ப் பார்த்தபோது, வரதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பாஸ்கரனுக்கு நல்ல காலம். அழிந்த சரிவில் காரை மறுபடி துளிர்த்தது. நரி திரும்பி வரவில்லை, ஆனால் கீரி வந்தது, செம்போத்து குஞ்சு பொரித்தது. நடைக்கு வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே மேட்டின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்கள். நம் ஊர் மாதிரியே ஆகிவிட்டது என்று பாஸ்கரன் பூரித்துப்போனார்.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. கஸ்தூரி குழவியைத் தேடினாள். பழைய சாமான்காரன் எடுத்துப் போயிருப்பான் என்று அவர் மழுப்பினார். அது அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த குழவி. சின்ன வயதில் தம்பி கீழே போட்டு ஒரு முனையில் சில்லு பெயர்ந்திருக்கும். அந்த வருஷம் அவள் அம்மா தவறிவிட்டாள். காரியமெல்லாம் முடிந்து திரும்பியவளை அக்கம்பக்கத்துப் பெண்கள் மனசு ஆறட்டும் என்று நரிமேட்டுக்கு அழைத்துப் போனார்கள். மஞ்சளுக்கு அடியில் அந்தச் சில்லைப் பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் பூகம்பம் வரும் என்று பாஸ்கரன் காத்திருந்தார். அவள் வழக்கம் போல உலை வைத்தாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் பூக்கூடையோடு கிளம்பினாள்.

"கஸ்தூரி, அது என்னன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? எங்கம்மா ஆயுசு முழுக்க அரைச்ச கல்லு. அம்மாவைத்தான் எரிச்சாச்சு, வேற எதைத் தொட்டுக் கும்பிடுவேன்? உங்களுக்கு அது பொய்னா பொய்யாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.



அடுத்து இராமகிருஷ்ணன். வசந்தாவுக்கு மஞ்சள்காமாலை வந்து, ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் ஏதோ ஒரு நிமிஷத்தில் நரிமேட்டம்மா என்று கூப்பிட்டுவிட்டார். பெண் பிழைத்து எழுந்தாள். அதன் பிறகு அவர் வேறு ஆள்.

"ராமகிருஷ்ணன், குழி தோண்டினதே நீங்கதானே" என்று பாஸ்கரன் கேட்டபோது, அவர் கண் கலங்கச் சொன்னார்:

"குழி தோண்டினது நான்தான் பாஸ்கர். நட்டது நீங்க. ஆனா என் பொண்ணைக் காப்பாத்தினது நீங்களும் இல்ல, நானும் இல்லையே."

கோயில் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர் ஆனார்.

கமிட்டி என்று வந்துவிட்டால் வேலை நடக்காமல் இருக்குமா? ஆடிக்குக் கூழ் ஊற்ற அடுப்பு வேண்டும் என்று ஒரு பக்கம் வெட்டினார்கள். புடவை முள்ளில் மாட்டுகிறது என்று வழியை அகலமாக்கினார்கள். பாலை மரத்தின் கவட்டையில் குழாய் ஸ்பீக்கர் ஏறியது. முதல் ஒலிபெருக்கி நாளிலேயே செம்போத்து கூட்டை விட்டுப் போய்விட்டது. தகரக் கூரை போடப்போனபோது பாஸ்கரன் ஓடிப்போய்த் தடுத்தார். இந்தச் சாமிக்குக் கூரை ஆகாது, கூடவே கூடாது என்றார். கன்னியம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"இன்னா நைனா பேசற? நீ ஊட்டுக்குள்ள படுத்துக்கினு கீற, அவ மட்டும் மழையில நனையணுமா? உன் பொண்டாட்டிய இப்டி வுடுவியா?"

மேட்டில் இருந்த பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றினார்கள், முட்டை வைத்தார்கள். முட்டைக்கு ஆசைப்பட்டு நிஜமாகவே நாகம் வந்தபோது, பெண்கள் அலறினார்கள் என்று நாலு பேர் தடியெடுத்து அடித்தே கொன்றார்கள். கொன்ற பாம்பின் வாயில் பால் விட்டு, துணி சுற்றிப் புதைத்து, அதன் மேல் ஒரு செங்கல் மேடை கட்டினார்கள். அந்த ஞாயிறு பாஸ்கரன் பின்னால் வந்தவர்கள் ரொம்பக் குறைவு. மற்றவர்கள் எல்லாம் அதே நேரத்தில் அதே வழியில் தேங்காய்ப் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றாறில் மண்டபம் கட்டுவதென்று முடிவாயிற்று. பாலை மரம் குறுக்கே நின்றது. மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். இனி பொறுப்பதில்லை என்று பாஸ்கரன் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இது சாமி இல்ல. என் வீட்டு அம்மிக் குழவி. இந்தக் காட்டை வெட்டக் கூடாதுன்னு நான் கொண்டாந்து நட்டேன். சந்தேகம்னா செயலாளரைக் கேளுங்க, குழி தோண்டினவரே அவர்தான். இந்த மரத்தைக் காப்பாத்தத்தான் அந்தக் கல்லு. அந்தக் கல்லுக்காக இந்த மரத்தை வெட்டாதீங்க."

கூட்டம் செயலாளரைப் பார்த்தது. அவர் பொய் சொல்லவில்லை.

"பாஸ்கர் சொல்றது சத்தியம். அவர்தான் நட்டார்" என்றார். பிறகு கைகூப்பிக்கொண்டார். "எந்தக் கோயில் கல்லும் தானா நடந்து வந்ததில்லைங்க. யாரோ ஒரு புண்ணியவான் கையாலதான் அவ வந்து உக்காருவா. இங்க அவ பாஸ்கரைத் தேடிப் புடிச்சிருக்கா."

அவ்வளவுதான். கன்னியம்மாள் குலவை போட்டாள். யாரோ ஒருத்தி வந்து பாஸ்கரன் காலில் விழுந்தாள். அவர் பின்வாங்கினார், பின்னால் இருந்தவள் அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோபப்பட்டுக் கத்தினார். கத்தியதும் அவருக்கு அருள் வந்துவிட்டது என்று வேப்பிலை கொண்டுவந்தார்கள். ஒரு மனிதன் உண்மையைச் சொல்லி இப்படி மாட்டிக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மரத்தை வெட்ட மூன்று நாள் ஆயிற்று. பாலைக்கட்டை இரும்பு மாதிரி, கோடாலி திரும்பித் திரும்பித் தெறித்தது. கடைசி நாள் பாஸ்கரன் போய் நின்றார். பக்கத்தில் வரதன் வந்து நின்றான். மண்டபத்துக்கு சிமெண்ட் முழுக்க அவன் உபயம். மேட்டின் மற்ற பாதியில் அவன் கல் நட்டுப் பிரித்துவிட்ட மனைகள் அம்மன் நகர் என்ற பெயரில் சூடாகப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காத. நான் புல்டோசர் இட்டாந்தும் இந்த மரத்து கிட்ட நெருங்க முடியல. நீ ஒரே ஒரு கல்லு வச்ச, மொத்த மேடும் கிளியர் ஆயிடிச்சி."

கேலியாகச் சொல்லவில்லை, நிஜமான மரியாதையோடுதான் சொன்னான். அதுதான் பாஸ்கரனுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கான்வாஸ் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு நடை என்று ஒன்று நடக்கவில்லை.

மகாபலிபுரத்திலிருந்து புதுச் சிலை வந்தது. குழவியை எடுக்கப் பயந்து, அதைச் சிலையின் காலடியில் வைத்து வெள்ளிக் கவசம் போட்டு மூடிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடியில் பால்குடம் எடுக்கிற அன்று மட்டும், கவசத்தைக் கழற்றுவார்கள். பால்குடம் எடுத்தவர்கள் மட்டும் தொட்டுப் பால் ஊற்றலாம்.

கஸ்தூரி அந்த வருஷம் குடம் எடுக்க வேண்டும் என்றாள். கமிட்டியில் சரி என்றார்கள். ஆனால் அம்மனை வைத்தவரே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் எப்படி? ஊர்வலத்துக்கு அவர் முன்னால் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் வீட்டுக் குடத்தை ஏற்பதற்கில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க கும்பிட வேணாம்" என்றாள் கஸ்தூரி. "சும்மா முன்னால நடங்க. எங்கம்மா கல்லை நான் ஒரு தடவை தொடணும்."

அவளைக் கேட்காமல் எடுத்த கல். அவர் எப்படி மறுப்பார்? பரணிலிருந்து ஷூவை எடுக்கவில்லை, வெறுங்காலோடுதான் கிளம்பினார். ஆடி ஞாயிறு. மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. பின்னால் பம்பை மேளம், அதன் பின்னால் தலையில் குடத்தோடு பெண்கள். குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து ஏரிக்கரை வழியாக, வாரா வாரம் அவர் நடந்து நடந்து உண்டாக்கிய அதே தடம். பழைய நடை ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வசந்தாவும் குடம் எடுத்திருந்தாள், இப்போது அவள் கல்யாணமான பெண்.

கரையின் பாதியில் பாஸ்கரன் நின்றுவிட்டார்.

நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. கால் தானாக நின்றுவிட்டது. கரைச் சரிவில், ஈச்சம்புதர் ஒன்றின் நிழலில், தடித்த கரும்பச்சை இலைகளோடு முழங்கால் உயரத்துக்கு ஒரு பாலைக் கன்று. வெட்டிய மரத்தின் பழத்தை ஏதோ ஒரு பறவை தின்று இங்கே போட்டிருக்கிறது. பின்னால் பம்பை ஓய்ந்தது. அவர் நின்றால் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பழக்கம் யாருக்கும் விட்டுப்போகவில்லை. அத்தனை பேரும் சத்தமின்றி நின்றார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, அந்த ஒரு நிமிஷம், பாஸ்கரன் சந்தோஷமாக இருந்தார்.

எல்லாரும் தேடினார்கள். எப்போதும் போல வசந்தாதான் கண்டுபிடித்தாள்.

"மாமா! பாலைக் கன்னு!" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"அம்மா வழி மறிச்சிட்டாடீ!" என்று கன்னியம்மாள் ஓடிவந்தாள். "அவ மரத்துமேல வந்து நின்னுகினு கீறாடீ!"

பம்பை மறுபடி முழங்கியது, குங்குமம் வந்தது. மஞ்சள் துணி வந்தது, கன்றின் கழுத்தை இறுக்கிக் கட்டினார்கள். குடங்கள் சரிந்தன. பால் கொட்டிச் சேறான மண்ணில் நூறு கால்கள் மிதித்தன, ஈச்சம்புதர் மளமளவென்று முறிந்தது. "வேணாம், வேணாம்" என்று பாஸ்கரன் சொன்னது பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இராமகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மண்டபத்துச் செங்கல் மிச்சம் இருக்கிறது, இங்கே ஒரு மேடை எழுப்பிவிடலாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி மட்டும் தன் குடத்தைச் சாய்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அருகில் வந்தாள்.

"நடங்க" என்றாள் மெதுவாக. "தயவு செஞ்சு இனிமே எங்கயும் நிக்காதீங்க."

நடந்தார். கண்ணைக் கால் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆனால் இத்தனை வருஷம் பழகிய கண் சும்மா இருக்குமா? மேட்டுக்கு ஏறுகிற இடத்தில், சரளைக் கல்லோடு கல்லாக, ஆட்காட்டியின் முட்டைகள். கூடு கட்டாத குருவி அது, வெறும் தரையில்தான் இடும். தாய்க்குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

நின்றால் அங்கே நாளைக்கு ஒரு மேடை எழும்பும். நிற்காவிட்டால் பின்னால் நூறு கால்கள் வருகின்றன. கொஞ்சம் ஒதுங்கி நடந்தார். பின்னால் வருகிறவர்களும் தம் அடியைப் பார்த்து ஒதுங்குவார்கள் என்று ஆசைப்பட்டார். ஒதுங்கினார்கள், ஆனால் வரிசை அகலமான வரிசை. முதுகுக்குப் பின்னால் ஆட்காட்டியின் குரல் ஏறி ஏறி வந்து, பிறகு பம்பையில் அமுங்கிப்போயிற்று.

பாஸ்கரன் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய், கஸ்தூரி தன் அம்மாவின் கல்லைத் தொடுகிற வரைக்கும் மண்டபத்து வாசலில் காத்திருந்தார்.